“போதையே ஏறாதாமே, சார்!”

மறுபடியும் அதே கதை. அமெரிக்காவில் இருக்கும் மகள் அம்மாவின் மூட்டுவலிக்கு, கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெய் வாங்கி பார்சலில் அனுப்புகிறார். சுங்கத்துறை பிரிக்கிறது. சம்மன் சென்னையில் இருக்கும் அம்மாவின் பெயருக்கு வருகிறது. வழக்கறிஞரான என்னிடம் நடுங்கிக்கொண்டே வருபவர்கள் முதலில் சொல்வது, “இதுல போதையே ஏறாதாமே, சார்!”

தயவுசெய்து இதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் (நாங்கள் என்.டி.பி.எஸ். என்போம்) கஞ்சாச் செடியைப் பொறுத்தவரை போதை ஏறுமா என்று கேட்பதில்லை, செடியின் எந்தப் பாகம் என்றுதான் கேட்கிறது. பூத்த, காய்த்த நுனி என்றால் கஞ்சா. பிசின் என்றால் சரஸ். ஹஷிஷ் எண்ணெயும் அதில் அடக்கம். நுனியோடு சேராத இலையும் விதையும் இந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. சிபிடி என்ற பெயரே சட்டத்தில் இல்லை, ஆகவே அதற்கென்று விலக்கும் இல்லை. வெளிநாட்டு எண்ணெய்களில் பெரும்பாலானவை பூவிலிருந்து எடுத்தவை. டிஎச்சி (போதை ஏற்றும் பொருள்) 0.3 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பது அமெரிக்காவின் 2018 வேளாண் சட்டம். நம் வரையறையில் சதவீதமே கிடையாது.

ஐ.நா. 2020 டிசம்பரில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியதும், இந்தியா அதை ஆதரித்து வாக்களித்ததும் உண்மைதான். அதனால் நம் சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை.

எண்ணெய் சரஸ் கணக்கில் வந்தால், 100 கிராம் வரை ‘சிறு அளவு’: ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைத் தாண்டி, ஒரு கிலோவுக்குக் குறைவாக இருந்தால் சிறை 10 ஆண்டு வரை போகலாம். போதைப்பொருளோடு கலந்திருக்கும் மற்ற பொருளின் எடையையும் சேர்த்தே அளவைக் கணக்கிட வேண்டும் என்று 2020-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிபிடி கலந்த கம்மி மிட்டாயின் சர்க்கரையையும் தராசில் ஏற்ற வேண்டும் என்று அரசுத் தரப்பு வாதாட அது போதும்.

அப்படியானால் இங்கே ஆன்லைனில் விற்கிறார்களே? அது ஆயுஷ் (ஆயுர்வேதம் போன்ற நம் மருத்துவ முறைகள்) உரிமத்தில், ‘விஜயா’ என்று ஆயுர்வேதம் சொல்லும் கஞ்சாச் செடியின் இலையிலிருந்து செய்யும் மருந்து. மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை லேபிளிலேயே இருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். உரிம எண் இல்லாத பாட்டிலைத் தொடவே தொடாதீர்கள். 2021-இல் உணவாக அனுமதித்தது ஹெம்ப் (கஞ்சாச் செடி) விதை, விதை எண்ணெய், விதை மாவு மட்டும். அதைக் காட்டி சிபிடி விற்பவரை நம்பாதீர்கள்.

துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிறீர்களா? உங்கள் ஆயுஷ் பாட்டில் வீட்டிலேயே இருக்கட்டும். அங்கே சட்டம் இன்னும் கடுமை, நம் மருத்துவரின் சீட்டு காப்பாற்றாது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, அம்மாவுக்கு வலி என்றால் பணம் அனுப்புங்கள், நல்ல மருத்துவரிடம் அழைத்துப்போகச் சொல்லுங்கள். பார்சல் வேண்டாம்.

சம்மன் வந்தேவிட்டால், பயத்தில் எதையாவது எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள். என்.டி.பி.எஸ். சட்டத்தின் 67-ஆம் பிரிவில் அதிகாரிகள் வாங்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று தோஃபான் சிங் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது, அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. ஆனால் அதை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவதற்குள் காலமும் பணமும் கரைந்துவிடும். முதலில் வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள். மருத்துவச் சீட்டு, பில், பார்சல் ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.