'போச்சா, போச்சா' என்று பார்க்காதீர்கள்

"மூச்சைக் கவனிச்சுப் பார்த்தேன், படபடப்பு கூடத்தான் செஞ்சுது." மனப்பதற்றத்துக்கு ஆலோசனை கேட்டு வருகிறவர்களிடம் முதல் வாரத்தில் அடிக்கடி கேட்கும் சொல் இது. பெரும்பாலும் அவர்கள் பயிற்சியைத் தப்பாகச் செய்வதில்லை. ஒரு கண் மூச்சின் மேலும், இன்னொரு கண் 'பதற்றம் போச்சா, போச்சா' என்றும் இருப்பதுதான் சிக்கல்.

ஒன்று போய்விட்டதா என்று பார்க்க, மனம் அதைத் தேடியாக வேண்டும். தேடினால் அது வந்து நிற்கும். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேலேயே ஒலித்தது. அதனால் இந்தப் பயிற்சிகளைப் பதற்றத்தை விரட்டச் செய்யாதீர்கள். அது ஒரு பக்கம் இருக்கட்டும். கவனத்தை மட்டும் இந்த நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட் நாளைக்குத்தான் வரும். வயிறு இன்றைக்கே கலங்குகிறது. மனம் நாளைக்குப் போய்விட்டாலும் உடம்பு இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது; ஆகவே உடம்பிலிருந்தே தொடங்கலாம். எங்கள் அனுபவத்தில் புதியவர்களுக்கு மூச்சைவிடப் பாதம் எளிது.

செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் பதியட்டும். கண் திறந்தே இருக்கட்டும். முதலில் குதிகால்: பாரம் எந்த இடத்தில் இறங்குகிறது? தரை சில்லென்று இருக்கிறதா, சொரசொரப்பா? பிறகு பாதத்தின் வெளி ஓரம், அப்புறம் விரல்கள். சுண்டு விரலும் அடுத்த விரலும் தனித்தனியாகத் தெரியாமல் போகலாம், பரவாயில்லை. இதற்குள் மனம் ரிப்போர்ட்டுக்கு ஓடியிருக்கும். ஓடியது தெரிந்ததும் 'கவலை' என்று ஒரே ஒரு தடவை மனதுக்குள் சொல்லிவிட்டு, குதிகாலுக்குத் திரும்புங்கள். மூன்று நிமிடத்தில் இருபது தடவை ஓடினால் இருபது தடவை திரும்புங்கள். அந்தத் திரும்பி வருதல்தான் பயிற்சியே. ஓடாமல் நிற்கும் மனம் யாருக்கும் கிடையாது.

மூச்சில் அதிகம் நடக்கும் தவறு, "நல்லா இழுத்து விடு" என்ற அறிவுரை. பதறும்போது ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருப்போம். மேலும் இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகும். 'ஐயோ, ஏதோ ஆகுது' என்று பயம் இரட்டிப்பாகும். மூக்கு வழியாகச் சாதாரண அளவே இழுங்கள், நான்கு எண்ணும் நேரம். வெளியே விடுவது ஆறு எண்ணும் நேரம். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்று மெதுவாகும் என்பதால்தான் அந்தப் பகுதியை நீட்டுகிறோம். ஐந்து நிமிடம் போதும். எண்ணுவதே பாரமாக இருந்தால் எண்ண வேண்டாம், சூடான காபியை ஊதி ஆற்றுவதுபோல மெல்ல விடுங்கள். மூச்சைக் கவனித்தாலே பயம் வருகிறவர்கள் பாதத்தோடு நின்றுகொள்ளலாம்.

படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது முதன்முதலாக முயன்றால் எதுவும் கைகூடாது. அமைதியாக இருக்கும் நேரத்தில், தினமும் இரண்டு வேளை பழக வேண்டும். பாத்திரம் தேய்ப்பது, பஸ்ஸுக்கு நிற்பது என்று ஏற்கெனவே இருக்கும் வேலையோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. காபி என்றதும் ஒன்று: படபடப்பும் தூக்கமின்மையும் உள்ளவர்கள் மதியம் மூன்று மணிக்குமேல் அதைத் தவிர்ப்பது நல்லது. குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும்.

விரலைக் கவனித்தால் வீட்டுக் கடன் தவணை அடைந்துவிடாதுதான். நிஜமான கவலைகளுக்கு நேரம் ஒதுக்குங்கள்: சாயங்காலம் ஐந்தரையிலிருந்து இருபது நிமிடம், ஒரு நோட்டோடு, படுக்கையில் அல்ல. இதில் என்னால் செய்யக்கூடியது உண்டா? உண்டென்றால் எதை, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். மற்ற நேரத்தில் வரும் கவலைக்கு 'ஐந்தரைக்கு' என்று பதில் சொல்லிப் பழகலாம்.

நெஞ்சு வலி கையிலோ தாடையிலோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், பயிற்சி வேண்டாம், உடனே மருத்துவமனை. படபடப்போடு எடை குறைவும் கை நடுக்கமும் இருந்தால் தைராய்டு, ரத்தசோகை பரிசோதனை அவசியம். பழைய கொடுமையான நினைவுகள் உள்ளவர்கள் கண்ணை மூடித் தனியாகச் செய்ய வேண்டாம். நினைவுகள் பெருகி வரலாம். பெரும்பாலான நாட்கள் கவலையிலேயே கழிந்து, தூக்கமும் வேலையும் கெட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மருந்து தேவைப்பட்டால் வெட்கப்பட எதுவுமில்லை. இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி சேவையை 14416 எண்ணில் அழைத்து 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். இலங்கையில் மனநல உதவி எண் 1926.

வீட்டில் ஒருவர் பதறும்போது "ஒண்ணுமில்ல, ஏன் இப்படிப் பயப்படுற" என்பது உதவாது. பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, பதில் சொல்லக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்: "தரை சில்லுனு இருக்கா?"