சாயப் பெட்டியில் உள்ள 5.3 எதைச் சொல்கிறது?

மட்டக்களப்புத் திருமலை வீதியிலோ கல்முனைக் கடைத்தெருவிலோ தலைமயிர்ச் சாயம் வாங்குபவர்கள் பெரும்பாலும் பெட்டியின் முகப்பில் உள்ள படத்தைப் பார்த்தே நிறத்தைத் தெரிவு செய்கிறார்கள். அந்தப் படத்தை விட நம்பத்தக்க தகவல், பெட்டியின் ஓரத்தில் 4.0, 5.3, 7.1 என்று சிறிதாக அச்சிடப்பட்டிருக்கும் இலக்கங்களில் உள்ளது.

புள்ளிக்கு முன்னால் வரும் இலக்கம் நிறத்தின் கருமையைக் குறிக்கும். 1 முழுக் கறுப்பு, 3 கடுங்கபிலம், 5 இளங்கபிலம். 6இல் தொடங்கும் பொன்னிறம் 10இல் மிகவும் வெளிறிவிடும். புள்ளிக்குப் பின்னால் வருவது சாயல். 0 என்றால் தனிச் சாயல் எதுவுமில்லாத இயல்பு நிறம். 1 சாம்பல், 3 பொன். ஆகவே 5.3 என்பது பொன் சாயலுள்ள இளங்கபிலம். பின்னால் இரண்டு இலக்கங்கள் இருந்தால் முதலாவது மேலோங்கிய சாயலையும் இரண்டாவது துணைச் சாயலையும் காட்டும். இதைத் தசம எண்ணாக வாசித்து, 5.35 என்பது 5.3ஐ விடச் சற்றுக் கூடியது என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது.

முதல் இலக்கம் ஏறத்தாழ எல்லா நிறுவனங்களுக்கும் பொது. சாயல் இலக்கங்கள் அப்படியல்ல. லோரியலில் 4 செம்பையும் 6 சிவப்பையும் குறிக்க, புள்ளிக்குப் பதிலாகச் சாய்கோடு இடும் வெல்லாவில் 4 சிவப்பையும் 6 ஊதாவையும் குறிக்கின்றன. வழக்கமாகப் பூசும் சாயம் கிடைக்காதபோது, அதே இலக்கமுள்ள வேறு நிறுவனத்தின் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாமைக்கு இதுவே காரணம்.

இந்த இலக்கங்கள் சாயத்தின் இலக்கைத்தான் சொல்கின்றன. விளைவு, அது பூசப்படும் மயிரையும் பொறுத்தது. நம்மவர்களின் மயிர் பெரும்பாலும் 1க்கும் 3க்கும் இடைப்பட்டது. நிரந்தரச் சாயத்தில் உள்ள அமோனியா மயிரின் மேற்செதில்களை விரிக்க, உள்ளே புகும் ஐதரசன் பேரொட்சைட்டு இயற்கை நிறப்பொருளான மெலனினைச் சிதைப்பதோடு, நிறமற்ற சிறு மூலக்கூறுகளை ஒட்சியேற்றி ஒன்றோடொன்று பிணைத்து, வெளியேற முடியாத பெரிய நிற மூலக்கூறுகளாக்குகிறது. மெலனின் எவ்வளவு சிதையும் என்பதைப் பெரும்பாலும் பேரொட்சைட்டின் வலிமைதான் தீர்மானிக்கிறது. அதன் போத்தலில் உள்ள 20 என்பது, ஒரு லீற்றர் கரைசலிலிருந்து 20 லீற்றர் ஒட்சிசன் வெளிவரும் என்ற கணக்கு. உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்கு இது பழகிய கனவளவு வலிமைதான். 10 ஏறத்தாழ 3 சதவீதம், 20 என்றால் 6, 30 என்றால் 9.

20இன் வலிமை கருமையை ஒன்றிரண்டு படிகளே குறைக்கும் என்பதால், 2ஆம் படியில் உள்ள கருங்கூந்தலில் 7.1ஐப் பூசினால் பெட்டிப் படத்தின் சாம்பல் பொன்னிறம் வரவே வராது. கறுப்பு வெளிறும்போது முதலில் சிவப்பும் பிறகு செம்மஞ்சளும் தலைகாட்டும். சாம்பல் சாயலில் உள்ள நீலம் அந்தச் செம்மஞ்சளை அடக்குவதற்காகவே சேர்க்கப்படுகிறது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. மாறாக, நரைமயிரில் எதிர்க்க மெலனின் இல்லாததால் சாம்பல் சாயல் தனித்து நின்று மங்கலாகத் தெரியக்கூடும். நரையை மறைப்பதே நோக்கமென்றால் 2.0, 3.0 போன்ற இயல்பு நிறங்களே எனது தெரிவு.

எந்த இலக்கமும் சொல்லாத ஒன்றும் உண்டு. கருமையான நிரந்தரச் சாயங்கள் பலவற்றில் உள்ள பரா பீனைலீன்டையமீன் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். செம்மஞ்சள் நிறம் மட்டுமே தரும் மருதோன்றியின் பெயரால் விற்கப்படும் 'கறுப்பு மருதோன்றி'ப் பொடிகள் பலவற்றிலும் அதே பொருள் கலந்திருப்பதால், அவற்றை மூலிகை என்று நம்பிப் பூசுவது ஆபத்தானது. உட்பொருட் பட்டியலை வாசித்து, அறிவுறுத்தலின்படி சிறிதளவைக் காதின் பின்புறமோ முழங்கையின் உட்புறமோ தடவி, 48 மணித்தியாலம் பார்த்த பின்னரே தலையில் பூச வேண்டும். முன்பு ஒத்துக்கொண்ட சாயமாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும், ஏனெனில் இந்த ஒவ்வாமை பல ஆண்டுகள் பாவித்த பின்னரும் தோன்றக்கூடும்.