கல்யாணமாகி ஏழு வருசத்துக்குள்ள பொண்ணு இறந்துட்டா நடக்குற ஆர்டிஓ விசாரணை: போறதுக்கு முன்னாடி இத படிச்சுருங்க

மொதல்ல ஒண்ணு, இது வண்டி லைசென்ஸ் குடுக்குற ஆபீஸ் இல்ல, வருவாய் கோட்டாட்சியர் ஆபீஸ். நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துல ராமநாதபுரம், பரமக்குடின்னு ரெண்டு கோட்டம். ராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டி பக்கம்னா ராம்நாடு, சாயல்குடி பக்கத்து கடற்கரைக்காரங்க கடலாடி தாலுகாங்கறதால பரமக்குடி போகணும். மாத்திப் போயி அலைஞ்சு ஒரு நாள் கூலிய விட்டவங்கள எனக்கே தெரியும்.

இப்ப விசயத்துக்கு வருவோம். கல்யாணமாகி ஏழு வருசத்துக்குள்ள ஒரு பொண்ணு தற்கொலை பண்ணிக்கிட்டா, இல்ல யாரோ ஏதோ செஞ்சிருப்பாங்களோன்னு சந்தேகப்படுற மாதிரி இறந்துட்டா, போலீஸ் மட்டும் விசாரிச்சா பத்தாது, மாஜிஸ்திரேட் அதிகாரம் உள்ள ஆர்டிஓவோ சப் கலெக்டரோ தனியா விசாரிக்கணும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சிஆர்பிசில 174, 176-வது பிரிவு, 2024 ஜூலை 1-லேருந்து அதுக்குப் பதிலா வந்த புது சட்டம் பிஎன்எஸ்எஸ்ல 194, 196. போலீஸ் தன்னோட மொதல் அறிக்கைய 24 மணி நேரத்துல மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பணும்னு இப்ப சேத்துருக்காங்க. ஏழு வருசத்துக்குள்ள இறந்த பொண்ணுன்னா சொந்தக்காரங்க கேட்டாலே போஸ்ட்மார்ட்டம் பண்ணித்தான் ஆகணும். "வயித்து வலி, சீக்கிரம் அடக்கம் பண்ணிருவோம்"னு அவசரப்படுத்துனா ஒத்துக்காதீங்க, அப்படியே அடக்கம் பண்ணிட்டாலும் தோண்டி எடுத்துப் பாக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருக்கு.

அப்பா அம்மா, கூடப்பொறந்தவங்க, பிள்ளைங்க, புருசன் இவங்களுக்கெல்லாம் முடிஞ்ச வரைக்கும் தகவல் சொல்லி விசாரணையப்ப கூட இருக்க விடணும்னு சட்டத்துலயே இருக்கு. அதனால "அம்மா மட்டும் உள்ள வாங்க"ன்னு சொன்னா இறந்த பொண்ணோட தங்கச்சியும் தாராளமா உள்ள போகலாம்.

மகளப் பறிகுடுத்த எங்க தெரு அம்மா ஒருத்தங்க கூட இந்த விசாரணைக்கு நான் போயிருந்தேன். கடல்ல பாசி எடுக்குறவங்க, பாறையில ஒரசி ஒரசி விரல் ரேகையே தேஞ்சு போயிருந்துச்சு, மூணு தடவ மை தொட்டு வச்சும் கைநாட்டு வெறும் நீலக் கறையாத்தான் விழுந்துச்சு. மடியில மஞ்சப்பை, அதுக்குள்ள கல்யாணப் பத்திரிகை, அத மட்டும் பத்திரமா வச்சிருந்தாங்க, நல்லவேளை, ஏழு வருசக் கணக்குக்கு தேதிக்கு ஆதாரம் அதுதான் (பத்திரிகை இல்லாட்டி ஜமாத் பதிவேடு, சர்ச் ரிஜிஸ்டர், கல்யாண போட்டோ எதுனாலும் கொண்டு போங்க). "வரதட்சணை கேட்டாங்களாம்மா?"ன்னு கேட்டதுக்கு "இல்ல சார்"னுட்டாங்க. எனக்கு பகீர்னுச்சு. ஏன்னா மாப்பிள்ளை வீட்டுல அந்த வார்த்தையவே சொல்லல, "வள்ளத்துக்கு இன்ஜின் வாங்கணும், ஒங்க அம்மாட்ட கேளு"ன்னுதான் ரெண்டு வருசமா அடிச்சது. அம்மாவப் பொறுத்தவரைக்கும் வரதட்சணைன்னா கல்யாணத்தன்னிக்கு போட்ட பவுனு, அது முடிஞ்சு போச்சு. அப்பறம் இறந்த பொண்ணோட தங்கச்சி எந்திரிச்சு இன்ஜின் கதைய சொல்லித்தான் எழுதுனாங்க.

வீடு கட்ட பணம் கேட்டதும் வரதட்சணைதான்னு 2022-லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. அதனால அந்த ஒரு வார்த்தைக்கு ஆமா இல்லன்னு பதில் சொல்லாம, என்ன கேட்டாங்க, எப்ப கேட்டாங்க, குடுக்காததுக்கு என்ன பண்ணாங்கன்னு நடந்தத நடந்தபடியே சொல்லுங்க, குறிப்பா சாவுக்கு கொஞ்ச நாள் முன்னாடி நடந்தத. வரதட்சணை மரணத்துக்கு (புது தண்டனைச் சட்டம் பிஎன்எஸ் 80-வது பிரிவு, கொறஞ்சது ஏழு வருசம், ஆயுள் வரைக்கும் போகும்) கோர்ட்டு அதத்தான் பாக்கும். ஆர்டிஓ வரதட்சணை இல்லன்னே எழுதுனாலும் கொடுமை பண்ணது, தற்கொலைக்குத் தூண்டுனது எல்லாம் வேற வேற பிரிவு, கேஸ் அதோட முடிஞ்சுறாது.

இதுல எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கு. இங்கிலாந்துல 2011 ஏப்ரல்லேருந்து வேற ஒரு ஏற்பாடும் நடக்குது, 2004-ல போட்ட சட்டம். 16 வயசு ஆனவங்க யாராச்சும் வீட்டாளுங்க கையால செத்தா, அந்த ஊர் கவுன்சில், போலீஸ், சுகாதாரத்துறைன்னு எல்லாரும் உக்காந்து, வெளியாள் ஒருத்தர தலைவரா போட்டு, அவ உசுரோட இருக்கையில யார் யார்ட்டல்லாம் போயி நின்னா, அவங்க என்ன செஞ்சாங்கன்னு தேதிவாரியா எடுப்பாங்க. தண்டனை குடுக்க இல்ல, அதுக்கு கோர்ட்டு இருக்கு. அடுத்தவ வரும்போது எந்தக் கதவு தொறக்கணும்னு பாக்க. தற்கொலையையும் எடுக்குறாங்க, பேர மாத்தி அறிக்கையா வெளியிடுறாங்க. நம்ம விசாரணை செத்தது எப்படின்னு கேக்கும், அவ எத்தன எடத்துல போயி சொன்னான்னு கேக்கணும்னு கட்டாயம் இல்ல.

கேக்காட்டி என்ன, நாமளா சொல்லுவோம். மகளிர் ஸ்டேஷன்ல குடுத்த மனு, மனு வாங்குனதுக்கு போலீஸ் குடுத்த சிஎஸ்ஆர் ரசீது, "வழுக்கி விழுந்துட்டேன்"னு சொல்லி ஆஸ்பத்திரியில கட்டு போட்ட சீட்டு, ஊர்க்கமிட்டியிலயோ ஜமாத்துலயோ பங்குச்சாமிட்டயோ பேசி "அனுசரிச்சுப் போம்மா"ன்னு திருப்பி அனுப்புன தேதி, வாட்ஸ்அப் வாய்ஸ், எல்லாத்தையும் வாக்குமூலத்துல ஏத்தச் சொல்லுங்க. எழுதுனத வாசிச்சுக் காட்டச் சொல்லி கேட்டுட்டு அப்பறமா கையெழுத்துப் போடுங்க. வக்கீலுக்கு காசில்லன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, போன் நம்பர் 15100, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவசமாவே வக்கீல் வச்சுக் குடுப்பாங்க. இன்னும் அடி வாங்கிட்டு இருக்கறவங்கன்னா இதெல்லாம் வேணாம், இன்னைக்கே பெண்கள் உதவி எண் 181-க்கு போன் போடுங்க.

நகை விசயம் நெறைய பேருக்குத் தெரியாது. ஏழு வருசத்துக்குள்ள இயற்கையா இல்லாம செத்துட்டா, வரதட்சணையா குடுத்தது பிள்ளைங்க இருந்தா பிள்ளைங்களுக்கு, இல்லாட்டி பெத்தவங்களுக்குத்தான் போகணும், வரதட்சணை தடுப்புச் சட்டம் ஆறாவது பிரிவு. புருசன் வீட்டு பீரோவுல இருக்கக் கூடாது. எத்தன பவுனு, எந்தக் கடை பில்லு, அடகுல கெடக்கா, அதையும் அன்னைக்கே எழுதிக் குடுத்துருங்க, அப்பறம் கேட்டா "அவளே வித்துட்டா"ம்பாங்க.