புதுப்பித்த முகப்பா, மறுபூச்சு முகப்பா?

போன மாதம் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பழக்கமான தம்பி ஒருவர் கையை நீட்டித் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். 1960களில் வந்த ஒமேகா சீமாஸ்டர். “அண்ணே, புதுப்பிக்கப்பட்ட முகப்புன்னு தமிழ்லயே போட்டிருந்தாங்க. அதான் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கிட்டேன்” என்றார். முகம் முழுக்கச் சந்தோஷம். அவர் கூடக் கொடுத்தது எதற்காகவோ, அதற்காகத்தான் விலையைக் குறைத்துக் கேட்டிருக்க வேண்டும். சொல்லாமலும் இருக்க முடியவில்லை, சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

‘புதுப்பித்த முகப்பு’ என்ற தொடரை நான் கேட்பது இது முதல்முறை அல்ல. பழைய பூச்சை எடுத்துவிட்டு மறுபடி பூசி அச்சிட்ட கடிகார முகப்பைச் சேகரிப்பாளர்கள் பேச்சில் ‘ரீடயல்’ என்பார்கள், எழுத்தில் ‘ரீஃபினிஷ்டு டயல்’. இந்த இரண்டுக்கும் தமிழ் என்று சொல்லித்தான் அந்தத் தொடரை ஒட்டிவைக்கிறார்கள்.

சொற்களின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘டயல்’ என்பதற்கு வேர் லத்தீனில் நாளைக் குறிக்கும் ‘தியேஸ்’. முதலில் வெயில் கடிகாரத்தைக் குறித்தது, பிறகு எண்கள் எழுதிய தட்டுக்கு வந்தது. ‘ஃபினிஷ்’ என்பதற்கு வேர் ‘ஃபினிஸ்’, அதாவது முடிவு. கைவினையாளர் பேச்சில் அது ஒரு பொருளின் மேற்பரப்புக்குக் கடைசியாகச் செய்யும் வேலை. டயலுக்கு ‘முகப்பு’ போதும். ‘எண்தட்டு’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். ஆனால் எண்ணே இல்லாமல் வெறும் கோடுகள் மட்டும் உள்ள கடிகாரங்கள் எத்தனையோ உண்டு, அதனால் அது ஒத்துவராது. சிக்கல் முன்பாதியில்தான்.

அந்தத் தட்டுக்கு என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால்தான் எந்தச் சொல் பொருந்தும் என்று தெரியும். முகப்பு பெரும்பாலும் மெல்லிய பித்தளைத் தகடு. மேலே வெள்ளி முலாமோ வண்ணமோ, அதன்மேல் எழுத்துகளின் அச்சு, பாதுகாப்புக்கு அரக்குப் பூச்சு. நம் ஊர் ஈரப்பதத்தில் அந்தப் பூச்சு புள்ளி விழும், கறுக்கும், உரியும். அப்போது தகட்டைக் கழற்றி, மேலே இருப்பதையெல்லாம் சுரண்டியோ கரைத்தோ எடுத்துவிட்டு, மறுபடி முலாமோ வண்ணமோ பூசி, நிறுவனத்தின் பெயரையும் நிமிடக் கோடுகளையும் மறுபடி அச்சிடுகிறார்கள். பழைய மேற்பரப்பு போயே போய்விட்டது. மிஞ்சுவது தகடு மட்டும்.

இதற்குப் ‘புதுப்பித்தல்’ எப்படிப் பொருந்தும்? சிங்கப்பூரில் அந்தச் சொல்லை எங்கே கேட்கிறோம்? கடப்பிதழைப் புதுப்பிக்கிறோம். காலாவதியானது மறுபடி செல்லும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குப் புதுப்பிப்புப் பணி செய்கிறோம், விற்கும்போது ‘புதுப்பித்த வீடு’ என்று கூட்டிக் கேட்கிறோம். இப்படிப் பழகிய காதில் ‘புதுப்பித்த முகப்பு’ விழுந்தால், நன்றாகிவிட்டது, மதிப்பு கூடிவிட்டது என்றுதான் கேட்கும். பழைய கடிகாரத்தில் நடப்பது நேர் எதிர். இயந்திரம் ஓடலாம், கூடு பளபளக்கலாம், முகப்பு மட்டும் அசல் இல்லையென்றால் சேகரிப்பாளர் விலையை இறக்கிவிடுவார். வாங்குபவரை எச்சரிக்க வேண்டிய சொல் அவரை ஏமாற்றினால் அது மொழிபெயர்ப்பே இல்லை.

‘மீட்டெடுத்த முகப்பு’ என்பவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். தொலைந்ததைத்தான் மீட்க முடியும். இங்கே அசல் அச்சைக் கரைத்துக் கொட்டியவரே மீட்டவராகிறார். அசல் மேற்பரப்பைத் தொடாமல் தூசும் அழுக்கும் மட்டும் எடுத்திருந்தால் அதைத் துப்புரவு என்று சொல்லலாம், சீரமைப்பு என்றும் சொல்லலாம். அதுவும் மேற்பரப்பையே அழித்துப் பூசுவதும் வேறு வேறு வேலை, ஒரே சொல்லால் மூடக் கூடாது. ‘மறுமுடிப்பு’ என்று ஒருவர் எழுதியதையும் பார்த்தேன். ‘ஃபினிஷ்’ என்றால் முடி, ‘ரீ’ என்றால் மறு. அகராதியைத் திறந்தார், எழுதினார். பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. இந்தப் பழக்கம்தான் எனக்குப் பெரிய வருத்தம். இதே ஊரில்தான் ‘ரீசைக்கிளிங்’ என்பதற்கு ‘மறுபயனீடு’ என்று அழகாகச் சொல் கிடைத்தது. சுழற்சியைப் பிடித்துத் தொங்காமல், பொருளை மறுபடி பயனில் ஈடுபடுத்துகிறோம் என்று வேலையைப் பார்த்து வைத்த பெயர். அந்த அக்கறை இன்றைய அறிவிப்புகளிலும் விளம்பரங்களிலும் குறைந்துகொண்டே வருகிறது. மொழிபெயர்ப்புக் கருவி துப்புவதை அப்படியே ஒட்டுகிறார்கள், தமிழ் தெரிந்த ஒருவர் கண்ணில் ஒருமுறை காட்டுவதுகூட இல்லை.

சரி, என் பரிந்துரை ‘மறுபூச்சு’. மறுபூச்சு முகப்பு. ஒரு நண்பர் மறுத்தார்: பூச்சு என்றால் பெயின்ட் மட்டும்தானே, வெள்ளி முலாம் போட்ட முகப்புக்கு எப்படிப் பொருந்தும் என்று. தமிழில் முலாமையும் பூசத்தானே செய்கிறோம்? தங்க முலாம் பூசிய நகை, வெள்ளி முலாம் பூசிய தட்டு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசினார்கள், அதுவும் தேயத் தேய மறுபடி பூசினார்கள். முகப்பும் பித்தளைதான். இன்னொன்று, ‘பூசி மெழுகுகிறான்’ என்று நாம் எதைச் சொல்வோம்? பூச்சு என்றாலே அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றும். வாங்குபவருக்கு வேண்டியதும் அந்தச் சந்தேகம்தான்.

அடியில் பார்க்க லூப் என்ற சிறு உருப்பெருக்கி வேண்டும், 10 மடங்கு பெருக்கிக் காட்டினால் போதும். எழுத்துகளை முதலில் பாருங்கள். அசல் அச்சு மெலிந்து, விளிம்பு கூர்மையாக இருக்கும். மறுபூச்சில் எழுத்து தடித்து, அங்கங்கே வீங்கி, இடைவெளி ஒழுங்கில்லாமல் வரும். நிமிடக் கோடுகள் ஒட்டவைத்த மணிக் குறிகளுக்கு நேராக நிற்கின்றனவா? அந்தக் குறிகளின் அடியில் வண்ணம் ஏறித் தேங்கியிருக்கிறதா? முகப்புக்குள் இருக்கும் சின்ன வட்டங்களில் நுண்ணிய வளையக் கோடுகள் இருந்தால் அவை தூர்ந்து போயிருக்கின்றனவா? தகட்டின் ஓரத்தில், மறுபடி அச்சிடும்போது திசை பிசகாமல் இருக்க, சிறிய வெட்டு போட்டிருப்பார்கள். அது கூட்டுக்குள் மறைந்திருக்கும், கழற்றினால்தான் தெரியும். 6 மணிக்குக் கீழே ‘ஸ்விஸ் மேட்’ இல்லாமல் போனாலும் கேள்வி கேளுங்கள். ஆனால் சில பழைய கடிகாரங்களில் அது கூட்டின் விளிம்புக்குள் ஒளிந்திருக்கும், அதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். அந்த எழுத்துகளின் இரண்டு பக்கமும் ‘டி’ எழுத்து இருந்தால், இருட்டில் ஒளிரவைக்கும் கதிரியக்கப் பொருளான டிரிட்டியம் பூசியது என்று பொருள். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறக்குறைய 12.3 ஆண்டுகள். 1960களின் டிரிட்டியம் இன்று இருட்டில் பளிச்சென்று ஒளிர்ந்தால் அது பிறகு பூசியது. முகப்பு புத்தம்புதிதாகவும் முட்கள் மட்டும் பழுத்துப் போயும் இருந்தாலும் இதே கதைதான்.

நம்மில் பலரிடம் அப்பாவின் எச்எம்டி கைக்கடிகாரம் இருக்கும். 1961இல் பெங்களூரில், ஜப்பானின் சிட்டிசன் துணையோடு தொடங்கிய தயாரிப்பு. அதன் ஜனதா, பைலட் வகைகள் இன்று கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சிலும் ஊதாவிலும் கிடைக்கின்றன. பெரும்பாலும் மறுபூச்சுதான்.

பூசியவரெல்லாம் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. ஒரு காலத்தில் அது சாதாரணப் பராமரிப்பு. முகப்பு கறுத்தால் கடைக்காரரே அனுப்பிப் பூசித் தருவார், உரிமையாளரும் மகிழ்ச்சியோடு கட்டிக்கொள்வார். 2017 ஜூலை 10இல் மூடப்பட்ட சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் நான் வாங்கிய பழைய சீக்கோவும் மறுபூச்சுதான். விற்ற பெரியவர் சொல்லித்தான் கொடுத்தார், நானும் அதற்கேற்ற விலைதான் கொடுத்தேன். இன்றும் கட்டுகிறேன்.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘மறுப்பூச்சு’ என்று ஒற்றுப் போட வேண்டாம். மறுபிறவி, மறுபதிப்பு போல மறுபூச்சு. கடையில் கேட்கும்போது “புதுப்பிச்சதா?” என்று கேட்டால் “ஆமாம், அருமையா இருக்கும்” என்று பதில் வரும். “முகப்பு அசலா, மறுபூச்சா?” என்று கேளுங்கள். அந்தத் தம்பிக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த வாரம் விற்றவரிடம் போய் அப்படியே கேட்டிருக்கிறார். “மறுபூச்சுதான் தம்பி” என்றாராம் அவர்.