தண்டுவடம் எங்கே முடிகிறது, எதை முடிவு செய்கிறது

பிரசவத்திற்காக மருத்துவமனையில் சேரப்போகும் பெண்ணுக்கு உறவுக்காரர்கள் சொல்லும் அறிவுரைகளில், "முதுகில் ஊசி மட்டும் போட்டுக்கொள்ளாதே, ஆயுசுக்கும் முதுகு வலிக்கும்" என்பது தவறாமல் இடம்பெறும். சிங்கப்பூரில் மருத்துவமனைகளில் பிறந்து, மருத்துவமனைகளிலேயே பிள்ளை பெற்ற தலைமுறைகளைக் கடந்தும் இந்த அச்சம் நம் வீடுகளில் குறையவில்லை. வலியைப் பற்றிய அந்த அச்சத்துக்கு அடியில், வாய்விட்டுச் சொல்லாத வேறோர் அச்சமும் இருக்கிறது. ஊசி தவறித் தண்டுவடத்தில் குத்திவிட்டால் கால்கள் விளங்காமல் போய்விடுமோ என்பதே அது. தண்டுவடத்தைக் குறித்து அஞ்சுவதில் தவறில்லை. ஆனால், பிரசவ வலிக்கான எபிடியூரல் ஊசி வழக்கமாகச் செலுத்தப்படும் இடத்தில் தண்டுவடமே கிடையாது.

முதுகெலும்பு என்று நாம் சொல்வது 33 முள்ளெலும்புகளின் அடுக்கு. கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்பில் 5, அதற்கும் கீழே ஒன்றோடொன்று ஒட்டிப்போன 5 திரிக எலும்புகள், கடைசியாக வால் பகுதியில் பொதுவாக 4. இந்த எலும்புகளின் பின்பக்க வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து ஒரு நீண்ட குழாயை உருவாக்குகின்றன. மூளையின் அடிப்பகுதியான முகுளத்தின் தொடர்ச்சியாக, மண்டையோட்டின் அடியிலுள்ள பெருந்துளை வழியே வெளிவரும் தண்டுவடம் அந்தக் குழாய்க்குள் இறங்குகிறது. வளர்ந்த ஆணின் தண்டுவடம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமுடையது. பெண்ணினுடையது அதைவிடச் சற்றுக் குறைவு. எடை 35 கிராம் அளவுதான். பருமன் சுண்டுவிரல் அளவுக்கு மேல் போகாது. குழாயின் அடிவரை செல்லாமல், பெரும்பாலானோருக்கு அது முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்திலேயே கூம்பி முடிந்துவிடுகிறது.

ஏன் இப்படிப் பாதியில் நிற்கிறது என்பதற்கான விடை கருவளர்ச்சியில் இருக்கிறது. கருவின் மூன்றாம் மாதத்தில் தண்டுவடம் எலும்புக் குழாயின் முழு நீளத்தையும் நிரப்பியிருக்கும். அதன்பின் எலும்புகள் விரைவாக நீள, நரம்புத்திசுவின் வளர்ச்சி பின்தங்குகிறது. பிறக்கும்போது மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பின் அருகே இருக்கும் அதன் முனை, பின்னர் இன்னும் மேலேறியதுபோல் ஆகிவிடுகிறது. ஆனால், ஒவ்வொரு நரம்பும் தனக்கென விதிக்கப்பட்ட எலும்பிடைத் துளை வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஆகவே, கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் செல்லும் நரம்பு வேர்கள் தண்டுவடம் முடிந்த பிறகும் தம் துளைகளைத் தேடி நெடுந்தூரம் கீழே இறங்க வேண்டியிருக்கிறது. இவ்வாறு தொங்கும் வேர்களின் கற்றையைத்தான் உடற்கூறியலார் 'குதிரைவால்' என்று அழைக்கின்றனர்.

மயக்க மருத்துவர் இடுப்பெலும்பின் இரு மேல்விளிம்புகளையும் விரலால் தடவிப் பார்ப்பது இதற்காகவே. அவ்விரண்டையும் இணைக்கும் கற்பனைக் கோடு ஏறக்குறைய நான்காம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் செல்லும். அந்தக் கோட்டை ஒட்டிய இடைவெளியில் நுழையும் ஊசிக்கும் தண்டுவடத்தின் முனைக்கும் இடையே போதிய தூரம் இருக்கிறது. தண்டுவடத்தையும் குதிரைவாலையும் மூன்று உறைகள் சூழ்ந்துள்ளன. எபிடியூரல் ஊசி, அவற்றில் தடித்ததான வெளியுறையைத் துளைக்காமல் அதற்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. அங்கு வைக்கப்படும் மெல்லிய குழாய் வழியாக மருந்து சிறிது சிறிதாகச் செல்கிறது. அறுவை சிகிச்சைப் பிரசவத்தின்போது போடப்படும் மற்றொரு வகை ஊசியோ உறைகளைக் கடந்து, நரம்பு வேர்கள் மிதக்கும் தெளிந்த திரவம் வரை செல்கிறது. திரவத்தில் தளர்வாகக் கிடக்கும் வேர்கள் பெரும்பாலும் ஊசிமுனைக்கு விலகிக்கொடுக்கும். இத்திரவத்தை ஊசியால் எடுக்கும் முறையை ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிச் குவின்கே 1891ஆம் ஆண்டிலேயே விவரித்துவிட்டார். தலைவலி போன்ற பக்க விளைவுகள் சிலருக்கு ஏற்படுவதுண்டு. ஆனால், எபிடியூரல் போட்டுக்கொண்டவர்களையும் போட்டுக்கொள்ளாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நீண்டகால முதுகுவலி இரு சாராருக்கும் ஒரே அளவில்தான் காணப்பட்டது. பிள்ளை பெற்றபின் முதுகு வலிப்பதற்குக் கர்ப்பமும் குழந்தையைத் தூக்கிச் சுமப்பதுமே போதிய காரணங்கள்.

தண்டுவடத்தைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால், நடுவில் வண்ணத்துப்பூச்சியைப் போல் விரிந்த சாம்பல் நிறப் பகுதியும் அதைச் சுற்றிலும் வெண்ணிறப் பகுதியும் தெரியும். பெருமூளையில் சாம்பல் நிறம் மேற்பரப்பில் இருக்க, இங்கு அது உள்ளே இருக்கிறது. சாம்பல் நிறம் நரம்பணுக்களின் உடல்கள் செறிந்த இடம். வெண்ணிறம், மையலின் என்னும் கொழுப்புறை போர்த்த நீண்ட இழைகள் மேலும் கீழுமாக ஓடும் இடம். தோலிலிருந்தும் தசையிலிருந்தும் வரும் உணர்வுச் செய்திகள் பின்பக்க வேர்கள் வழியாக உள்ளே நுழைகின்றன. தசைகளுக்குச் செல்லும் கட்டளைகள் முன்பக்க வேர்கள் வழியாக வெளியேறுகின்றன. இன்று பள்ளிப் பாடநூலில் ஒரு வரியில் அடங்கிவிடும் இவ்வுண்மையை நிறுவுவதற்கு, முன்வேர்களை 1811இல் ஆராய்ந்த சார்ல்ஸ் பெல்லும் இரு வேர்களின் பணியையும் 1822இல் தெளிவாகப் பிரித்துக் காட்டிய பிரான்சுவா மஜாந்தியும் தேவைப்பட்டனர். கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு என்ற பூசல் அவர்கள் காலத்திலேயே தொடங்கிவிட்டது.

இரு வேர்களும் சேர்ந்து பக்கத்துக்கு ஒன்றாக, மொத்தம் 31 இணை தண்டுவட நரம்புகள் வெளிவருகின்றன. மேலே செல்லும் செய்திகள் அனைத்தும் ஒரே வழியில் செல்வதில்லை என்பதுதான் இங்கு வியப்புக்குரியது. மென்மையான தொடுதல், அதிர்வு, மூட்டுகளின் நிலை ஆகியவற்றைத் தெரிவிக்கும் இழைகள், நுழைந்த பக்கத்திலேயே மேலேறி, முகுளத்தை அடைந்த பின்னரே எதிர்ப்பக்கத்துக்கு மாறுகின்றன. வலியையும் வெப்பத்தையும் அறிவிக்கும் பாதையோ, செய்தி நுழைந்த இடத்துக்குச் சற்று மேலேயே தண்டுவடத்துக்குள் பக்கம் மாறிவிடுகிறது. இதனால், தண்டுவடத்தின் ஒரு பாதி மட்டும் வெட்டுப்பட்டவருக்குக் காயத்துக்குக் கீழே அதே பக்கத்துக் கால் செயலிழந்திருக்கும், நுண்ணிய தொடு உணர்வும் அங்கே இராது. ஆனால், அந்தக் காலில் குத்தினால் வலிக்கும். நன்றாக அசையும் மறுகாலிலோ சூடும் வலியும் தெரியாது. மொரிஷியஸ் தீவில் பிறந்த மருத்துவர் பிரவுன் செக்கார் 19ஆம் நூற்றாண்டில் விளக்கிய இந்நிலை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இவ்வளவும் தண்டுவடத்தைச் செய்திகள் செல்லும் வழியாக மட்டுமே காட்டுகின்றன. அது தானாகவே முடிவெடுக்கும் உறுப்பு என்பது பலருடைய கவனத்துக்கு வருவதில்லை. மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டும்போது, தொடையின் முன்தசை ஒரு கணம் இழுபடுகிறது. தசைக்குள் இருக்கும் உணர்வுறுப்பு அந்த இழுப்பை அறிவிக்க, செய்தி தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியை அடைந்து, ஒரேயொரு நரம்பிணைப்பைக் கடந்து, அதே தசையைச் சுருக்கும் நரம்பணுவைத் தூண்டுகிறது. கால் உதறும், மூளைக்குத் தகவல் பிறகுதான் போய்ச் சேரும். அதே நொடியில் இன்னொன்றும் நடக்கிறது. தொடையின் பின்தசை எதிர்த்து இழுக்காதபடி, அதன் நரம்பணுக்களை ஓர் இடைநரம்பணு அடக்கி வைக்கிறது. ஒரு தசையை ஏவும்போதே அதன் எதிர்த்தசையைத் தளர்த்தும் இந்த ஏற்பாட்டை விரிவாக ஆராய்ந்தவர் சார்ல்ஸ் ஷெரிங்டன். நரம்பணுக்களின் பணிகள் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 1932இல் எட்கர் ஏட்ரியனுடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இருட்டில் தரையில் கிடக்கும் பிள்ளையின் பொம்மைத் துண்டை வெறுங்காலால் மிதித்தால் நடப்பது இதைவிடச் சிக்கலானது. மிதித்த கால் மடங்கி உயரும்; அதே சமயம் மறுகால் விறைத்து நின்று, உடலின் முழு எடையையும் தாங்கிக்கொள்ளும். அப்படித் தாங்கவில்லையென்றால் நாம் விழுந்துவிடுவோம். இதைக் கணக்கிட்டுச் செய்வதும் தண்டுவடந்தான். எனினும், அது மேலிடத்துக்குக் கட்டுப்படாத உறுப்பு அன்று. தேக்கா உணவங்காடி நிலையத்தில் விரல் சுடும் தே தாரிக் குவளையை மேசைவரை கொண்டுபோய் வைத்தபின்தான் கையை உதறுகிறோம். மூளையிலிருந்து இறங்கும் இழைகள் தண்டுவடத்தின் அவசரத்தைச் சற்று நேரம் தடுத்து நிறுத்துகின்றன என்பதே காரணம். நடையின் அடிப்படைத் தாளமும் தண்டுவடத்துக்குள் இருக்கிறது: தண்டுவடம் துண்டிக்கப்பட்டு, கால்களிலிருந்து உணர்வுகள் வரும் வழியும் அடைக்கப்பட்ட பூனைகளில்கூட, கால் தசைகள் மாறிமாறிச் சுருங்கும் தாளம் எழுவதைத் தாமஸ் கிரஹாம் பிரவுன் 1911இல் காட்டினார்.

வலிச் செய்தியையும் தண்டுவடம் அப்படியே மேலே அனுப்புவதில்லை. 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் முன்வைத்த கருத்தின்படி, தொடுதலை அறிவிக்கும் பருத்த இழைகள் தூண்டப்படும்போது, சாம்பல் நிறப் பகுதியின் பின்கொம்பில், அதாவது அந்த வண்ணத்துப்பூச்சியின் பின்பக்கச் சிறகில், வலிச் செய்தி செல்லும் வாயில் ஓரளவு சாத்தப்படுகிறது. அக்கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னாளில் திருத்தப்பட்டாலும் அடிப்படைக் கருத்து நிலைத்திருக்கிறது. சிங்கப்பூரில் தயாராகித் தமிழ்நாட்டு வீடுகள்வரை சென்ற கோடாலித் தைலத்தை இடித்துக்கொண்ட முழங்காலில் பாட்டிமார் தேய்க்கும்போது, தைலம் தரும் குளிர்ச்சி ஒருபுறம் இருக்க, தேய்த்தலே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

சாம்பல் நிறப் பகுதியின் முன்கொம்பு மட்டும் அழிந்தால் என்ன ஆகும் என்பதை முன்தலைமுறைச் சிங்கப்பூரர்கள் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள். இளம்பிள்ளை வாதத்தை உண்டாக்கும் போலியோ கிருமி, தசைகளை ஏவும் முன்கொம்பு நரம்பணுக்களையே தேடித் தாக்குகிறது. பின்கொம்பு தப்பிவிடுவதால், சூம்பிய காலில் தொடு உணர்வும் வலியும் முழுமையாக இருக்கும். அசைவு மட்டும் இராது. 1958இல் இங்கு முதல் வகைப் போலியோ பரவியபோது, பேராசிரியர் ஹேல் தலைமையிலான குழு ஏறத்தாழ 200,000 சிறுவர்களுக்கு ஆல்பர்ட் சேபினின் வாய்வழித் தடுப்பு மருந்தில் இரண்டாம் வகையைக் கொடுத்தது. வலுவிழக்கச் செய்யப்பட்ட அந்த இரண்டாம் வகை குடலில் முதலில் இடம்பிடித்துக்கொண்டால் முதல் வகை அங்கு பெருக இடம் கிடைக்காது என்பதே அவர்களின் கணக்கு. வாய்வழி மருந்தை அவ்வளவு பெரிய அளவில் சோதித்த தொடக்க முயற்சிகளுள் ஒன்றான இது, நம் ஊர் வரலாற்றில் இன்னும் அதிகமாகப் பேசப்பட வேண்டியது என்பது என் எண்ணம்.

காயம் பட்டால் எது போகும், எது எஞ்சும் என்பதைக் காயத்தின் உயரமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மூச்சுக்கு இன்றியமையாத உதரவிதானத்தை இயக்கும் நரம்பு, கழுத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் பிரிவுகளிலிருந்து வருகிறது. அவற்றுக்கு மேலே தண்டுவடம் முழுவதும் அறுபட்டால் இயந்திரத்தின் துணையின்றி மூச்சுவிட இயலாது. கழுத்தின் அடியில் அறுபட்டால் மூச்சு நிற்காது; ஆனால், விரல்களும் கால்களும் செயலிழக்கும். மார்பின் நடுவில் என்றால் கைகள் முழுமையாகத் தப்பும். விபத்தில் விழுந்தவரை உதவும் எண்ணத்தில் உடனே தூக்கி உட்காரவைக்கக் கூடாது என்பது இதனால்தான். உடைந்த எலும்பு அதுவரை தொடாத நரம்புத்திசுவை அந்த அசைவில் நசுக்கிவிடலாம். அந்த இடத்திலேயே வேறு ஆபத்து இல்லாதபோது, தலையையும் கழுத்தையும் அசையாமல் வைத்துக்கொண்டு, குடிமைத் தற்காப்புப் படையை 995இல் அழைப்பதே சரியான உதவி. சாதாரண முதுகுவலியிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. இருக்கையில் படும் பகுதி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நின்றுவிடுவது, இரு கால்களும் வலுவிழப்பது ஆகியவை முள்ளெலும்புகளுக்கு இடையிலிருந்து பிதுங்கிய மெத்தை போன்ற வட்டு குதிரைவாலை நசுக்குவதன் அறிகுறிகளாக இருக்கக்கூடும். பலதுறை மருந்தகத்தின் மறுநாள் முன்பதிவுக்குக் காத்திராமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

கையில் அறுபட்ட நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரக்கூடியது. தண்டுவடத்தில் அறுபட்ட இழையோ வளர முயன்று நின்றுவிடுகிறது. குறை நரம்பணுவில் மட்டும் இல்லை என்பதை 1981இல் சாமுவேல் டேவிட்டும் ஆல்பர்ட் அகுவாயோவும் எலிகளில் காட்டினர். கால் நரம்பின் துண்டொன்றைத் தண்டுவடத்தோடு ஒட்டவைத்தபோது, வளராது என்று கருதப்பட்ட தண்டுவட நரம்பணுக்களின் இழைகள் அதற்குள் நெடுந்தூரம் வளர்ந்தன. தண்டுவடத்தின் மையலினில் இருக்கும் சில புரதங்களும் காயத்தில் உண்டாகும் தழும்புமே வளர்ச்சியைத் தடுக்கின்றன என்பது அதன்பின் படிப்படியாகத் தெரியவந்தது. அத்தடைகளை மனிதரில் அகற்றும் மருந்து இன்னும் நடைமுறைச் சிகிச்சையாகவில்லை.

அறுந்த இழைகளை இணைக்காமல், காயத்துக்குக் கீழே எஞ்சியுள்ள தண்டுவடத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் வழி இதனிடையே முன்னேறியிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள் 2018இல், கழுத்தில் காயம்பட்டுப் பல ஆண்டுகளாகக் கால்கள் செயலிழந்திருந்த மூவருக்கு, தண்டுவட உறையின் மேல் மின்முனைகளைப் பொருத்தினர். நடையின் ஒவ்வோர் அடிக்கும் ஏற்பக் காலங்கணித்த மின்துடிப்புகளைச் செலுத்தியபோது, அவர்கள் ஊன்றுகோல் அல்லது தாங்கியின் துணையுடன் அடியெடுத்து வைத்தனர். இம்மின்துடிப்புகள் பெரும்பாலும் தசைகளை நேரடியாக ஏவுவதில்லை. பின்வேர்கள் வழியாக நுழையும் உணர்விழைகளைத் தூண்டுகின்றன. அந்தத் தூண்டலைப் பெற்று எந்தத் தசையை எப்போது சுருக்குவது என்று வகுப்பவை, காயத்துக்குக் கீழே சேதமின்றி இருந்த சாம்பல் நிறப் பகுதியின் நரம்பணுக்களே. மூளையிலிருந்து இறங்கும் இழைகளில் சில அந்த மூவரிடமும் தப்பியிருந்தன. அத்தகைய இழை ஒன்றும் எஞ்சாதவர்களிடம் இம்முறை எவ்வளவு பயன் தரும் என்பதே இத்துறையினர் இப்போது ஆராய்ந்துவரும் கேள்விகளுள் ஒன்று.