ஒன்பதாம் நாள் திருப்பிக் கொடுக்க இருந்த நாய்

சென்ற சித்திரை மாதத்தில், அழகாபுரத்திலிருந்து ஒரு குடும்பத்தார் தாங்கள் தத்தெடுத்திருந்த பெண் நாயைச் சேலத்தில் உள்ள என் கால்நடை மருத்துவமனைக்கு அழைத்து வந்தார்கள். ஏறக்குறைய இரண்டு வயது, செம்பழுப்பு நிறம், பின்னங்காலில் பழைய எலும்பு முறிவு கூடிய தடிப்பு. வண்டியில் அடிபட்டுச் சாலையோரம் கிடந்ததை ஒரு மீட்புக் குழுவினர் எடுத்துச் சென்று, மூன்று மாதம் பராமரித்து, கருத்தடை செய்து, தடுப்பூசிகள் போட்டு இவர்களிடம் ஒப்படைத்திருந்தார்கள். அன்று ஒன்பதாம் நாள்.

"கட்டிலுக்கு அடியில போனா வெளியே வர மாட்டேங்குதுங்க டாக்டர். பையன் கையை நீட்டுனா உறுமுது. திருப்பிக் கொடுத்துடலாம்னு இருக்கோம். அதுக்கு முன்னாடி நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.

காய்ச்சல் இல்லை, காதில் சீழ் இல்லை, காலை அழுத்திப் பார்த்தபோது வலியும் இல்லை. உடம்பு மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்த ஒன்பது நாட்களும் எப்படிக் கழிந்தன என்று நாள் நாளாகச் சொல்லச் சொன்னேன். வந்த அன்றே குளிப்பாட்டியிருக்கிறார்கள். மறுநாள் பால் சோறு வைத்ததில் வயிற்றுப்போக்காகி, கூடத்தில் அசிங்கம் செய்ததற்காக அதட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை உறவினர்கள் பார்க்க வந்தார்கள். தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சூழ்ந்து நின்று ஆளுக்கொரு முறை தொட்டுப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் நாய் கட்டிலுக்கடியில் ஒதுங்கியது. பையன் அங்கும் குனிந்து கையை நீட்டினான். இவர்களில் ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. எல்லாம் ஆசையால் செய்தவை. ஆனால் நாயின் பக்கமிருந்து பார்த்தால், பழகிய இடமும் மணமும் ஆட்களும் ஒரே நாளில் மறைந்துபோய், முன்பின் அறியாதவர்களின் கைகள் ஓயாமல் தன் மேல் விழுந்துகொண்டிருந்த ஒன்பது நாட்கள் அவை.

தத்துக்கொடுத்த நாய்கள் குழுவிடம் திரும்புவதை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். என் அனுபவத்தில் அவற்றில் பெரும்பாலானவை முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள்ளேயே திரும்பிவிடுகின்றன. பயத்தைத் திமிர் என்றும், ஒதுங்கலை நன்றியின்மை என்றும் வீட்டார் எடுத்துக்கொள்வதுதான் முதற்காரணம். மீட்புக் குழுவினர் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மிரட்சி அடங்க மூன்று நாள், வீட்டின் நேர ஒழுங்கு பிடிபட மூன்று வாரம், இது தன் வீடு என்று நம்ப மூன்று மாதம். எல்லா நாய்க்கும் இது அளந்தாற்போல் பொருந்தாது. அடிபட்டு மீண்ட நாய்க்கு இன்னும் கூடுதலாகவே ஆகலாம்.

அந்த முதல் நாட்களில் வீட்டார் செய்ய வேண்டியது மிகக் குறைவு. செய்யாமல் இருக்க வேண்டியதுதான் அதிகம். ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மூலையில் பழைய சாக்கையோ போர்வையையோ விரித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்து, அது அங்கே படுத்திருக்கும்போது யாரும் அணுகாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். குழுவினர் என்ன உணவு கொடுத்தார்களோ அதையே அதே நேரத்தில் ஒரு வாரம் கொடுத்து, பிறகு மெல்ல மாற்ற வேண்டும். பால் பெரும்பாலான வளர்ந்த நாய்களுக்குச் செரிக்காது. குளியல் பத்து நாள் பொறுக்கலாம். உறுமினால் அடிக்கவே கூடாது. உறுமல் என்பது 'அருகே வராதே' என்று நாய் சொல்லும் மொழி. அடித்து அதை அடக்கிவிட்டால், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். குழந்தைகள் அதைக் கட்டிப்பிடிப்பதும், உண்ணும்போதும் உறங்கும்போதும் தொடுவதும் கூடாது. பெரியவர் ஒருவர் உடன் இல்லாமல் சிறு குழந்தையையும் புதிய நாயையும் ஓர் அறையில் விடக் கூடாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். புதிதாக வந்த நாய் தப்பி ஓடுவது பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான். கழுத்துப்பட்டையை மட்டும் நம்ப வேண்டாம். மிரண்ட நாய் பின்வாங்கி இழுத்தால் தலை நழுவி வெளியே வந்துவிடும். ஹார்னஸ் எனப்படும் மார்புப் பட்டையைப் போட்டு, வெளிக் கதவைத் திறக்கும் முன் நாய் யார் பிடியில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தத்தெடுப்பதை நான் ஊக்குவிப்பதில்லை.

அழகாபுரத்துக் குடும்பத்தார் இன்னும் ஒரு மாதம் பார்க்க ஒப்புக்கொண்டார்கள். நான்காம் வாரத்தில், கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டியின் காலடியில் அது தானாக வந்து படுத்ததாகச் சொன்னார்கள். பாட்டி ஒருவர்தான் அதை ஒருநாளும் தொடவோ கூப்பிடவோ முயலாதவர்.

தத்துக்கொடுக்கும் முன் குழுவினர் கேட்கும் கேள்விகளைப் பற்றி, தத்தெடுக்க வருபவர்கள் என்னிடம் சொல்லும் குறை அதிகம். "ஒரு தெரு நாயைக் கொடுக்க இத்தனை கேள்வியா?" என்று கோபப்படுகிறார்கள். வாடகை வீடா, வீட்டு உரிமையாளர் சம்மதித்தாரா, வீட்டில் எல்லோருக்கும் விருப்பமா, பகலில் யார் இருப்பார்கள், வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள் என்று அவர்கள் கேட்பது, இவை ஒவ்வொன்றாலும் திரும்பி வந்த நாய்களை அவர்கள் பார்த்திருப்பதால்தான். நாய் எங்கே படுக்கும் என்ற கேள்வி நம் ஊரில் உயிர்ப் பிரச்சினை. சேலத்தில் கோடை வெயில் 40 பாகை செல்சியஸைத் தொடும் நாட்களில், மொட்டை மாடியில் கட்டிப்போடப்பட்ட நாய்கள் வெப்பத்தாக்குதலோடு என்னிடம் வந்திருக்கின்றன. சில பிழைக்கவில்லை. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும் சிறிது வியர்க்கும், மற்றபடி மூச்சிரைத்துத்தான் உடற்சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். அதன் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 பாகை ஃபாரன்ஹீட். அது 106-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும். தகரக் கூரையின் கீழோ சூடேறிய சிமெண்டுத் தரையிலோ அந்த நிலை வர அதிக நேரம் ஆகாது.

ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் இருந்து வருபவர்கள் பெரும்பாலும் காவலுக்கு நாய் கேட்கிறார்கள். பகலெல்லாம் சங்கிலியில் கட்டி இரவில் அவிழ்த்துவிடுவது காவலுக்கு உதவும் என்பது தவறான எண்ணம். அது நாயை எரிச்சல் மிக்கதாக்கும். இரவில் தோட்டத்தில் சுற்றும் நாய் காட்டெருமைக்கு முன் சிக்கும் ஆபத்தும் உண்டு. கீழே வெயிலில் வளர்ந்த வயதான நாய்க்கு, மார்கழிப் பனியில் மலைமேல் மூட்டுவலி கூடும். வீட்டுக்குள் படுக்க இடம் தருபவர்களுக்கு மட்டும் மலைக்கு நாய் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

குழுவிடம் நீங்கள் கேட்க வேண்டியவையும் உண்டு. தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டும் தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி குட்டிக்கு மூன்று மாத வயதில் போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும். குடற்புழு மருந்து எப்போது கொடுத்தார்கள், குழந்தைகளோடும் பூனைகளோடும் எப்படி இருக்கிறது, முன்பு எந்த வீட்டிலிருந்தாவது திரும்பியதா என்று தயங்காமல் கேளுங்கள். முன்பு உங்கள் வீட்டில் ஒரு குட்டி பார்வோ என்ற தொற்று வயிற்றுப்போக்கு நோயால் இறந்திருந்தால், அதை அவர்களிடம் மறைக்காதீர்கள். அந்தக் கிருமி மாதக்கணக்கில் தரையிலும் மண்ணிலும் உயிரோடிருக்கும். ஃபினாயில் போதாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். அப்படியும் தடுப்பூசி முழுமையாகாத குட்டியை அந்த வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

இங்கே ஒரு மனத்தாங்கலைச் சொல்லியாக வேண்டும். "நல்ல நாய்னு சொல்லிக் கொடுத்தாங்க, பத்து நாள்ல காய்ச்சல்ல படுத்துடுச்சு" என்று குழுவை ஏமாற்றுக்காரர்களாகப் பேசுகிறார்கள். பழுப்பு உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற உண்ணிக் காய்ச்சல், வெளியே எதுவும் தெரியாமல் மாதக்கணக்கில் உடலில் தங்கியிருக்கக்கூடியது. இடமாற்றத்தின் மன அழுத்தத்தில் எதிர்ப்பாற்றல் குறையும்போது அது தலைதூக்கலாம். உணவை ஒதுக்குதல், சோர்வு, ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தம் வடிதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே இரத்தத் தட்டணுக்களைப் பரிசோதிக்க வேண்டும். காலத்தில் பிடித்தால் ஏறக்குறைய நான்கு வாரம் மாத்திரை கொடுத்துக் குணப்படுத்த முடியும். ஆகவே தத்தெடுத்த முதல் வாரத்திலேயே ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. உண்ணிக்கு மண்ணெண்ணெய் தேய்ப்பதும், சொறிக்கு வண்டியிலிருந்து வடித்த கழிவெண்ணெய் பூசுவதும் இன்றும் நடக்கின்றன. இரண்டும் தோலை வேகவைத்து, நக்கும்போது உள்ளே போய் நஞ்சாகும். மனிதருக்கான பாராசிட்டமால், இபுபுரூஃபன் மாத்திரைகளையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

நாய் பல் பட்டாலோ நகம் கீறினாலோ, அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது என்று நாமே முடிவு செய்துகொண்டு சும்மா இருக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநோயின் அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்ற மருந்தில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் நான் அதிகம் சொல்வதற்கில்லை. எல்லோரும் ஆண் குட்டியையே கேட்கிறார்கள். வளர்ந்த நாயின் குணமும் அளவும் முன்பே தெரியும்; முதன்முறை வளர்ப்பவர்களுக்கு அதுவே எளிது. கருத்தடை செய்த பெண் நாய் பருவத்துக்கு வராது, குட்டி போடாது. கருப்பு நாய்கள் குழுவிடம் கடைசி வரை தங்கிவிடுவதைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன்.

எல்லா முயற்சியும் செய்த பிறகும் ஒத்துவராமல் போகலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அடிவாரத்தைத் தாண்டி ஏற்காட்டு மலைப்பாதையின் வளைவுகளில் காரை நிறுத்தி இறக்கிவிட்டுப் போகிறார்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். வீட்டில் உண்டு பழகிய நாய்க்கு அங்கே இரை தேடவும் தெரியாது, வண்டிக்கு ஒதுங்கவும் தெரியாது. பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றமாகும். தத்தெடுத்த தெரு நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவரின் பொறுப்பு என்று, தெரு நாய்கள் குறித்த வழக்கில் 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. கொடுத்த குழுவையே அழையுங்கள். கோபித்துக்கொண்டாலும் அவர்கள் நாயை வாங்கிக்கொள்வார்கள். திருப்பிக் கொடுக்கும்போது அது எதற்குப் பயப்படுகிறது, எதை விரும்பி உண்கிறது, யாரிடம் ஒட்டியது, எந்தச் சத்தத்துக்கு ஓடுகிறது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி உடன் கொடுங்கள். அடுத்த வீட்டார் அதை வைத்து ஆரம்பிக்கலாம்.