தனியாகத்தானே போகிறேன், மாற்றிக்கொள்ளலாம் என்பவர்களுக்கு

சென்ற வெள்ளிக்கிழமை இரவு பத்தரை மணிக்குக் கம்போடியாவின் சியெம் ரீப் விமான நிலையத்திலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்தது. அழைத்தவர் இருபத்திரண்டு நாள் பயணமாகத் தனியே சென்றிருந்த ஓர் இளம்பெண். வியட்நாமின் ஹோ சி மின் நகரத்துக்குச் செல்லும் விமானத்தில் அவரை ஏற்ற மறுத்துவிட்டார்கள். அவருடைய வியட்நாம் மின்விசா ஒருமுறை நுழைவுக்கானது. அந்த ஒருமுறையை அவர் சில நாள்களுக்கு முன்பே ஹனோயில் இறங்கியபோது பயன்படுத்திவிட்டார்.

நான் போட்டுக்கொடுத்த திட்டத்தில் இந்தச் சிக்கலுக்கே இடமில்லை. பாங்காக், லாவோஸின் லுவாங் பிரபாங், பிறகு வியட்நாமில் ஹனோய், ஹோய் ஆன், ஹோ சி மின் நகரம், கடைசியாகச் சியெம் ரீப் என்றுதான் வரிசை இருந்தது. ஹோ சி மின் நகரத்திலிருந்து வீடு திரும்பும் டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக, ஓர் இரவில் கைப்பேசியிலேயே சியெம் ரீப்பைத் தூக்கி நடுவில் வைத்துவிட்டார். அட்டவணையில் இரண்டு வரிகள் இடம் மாறின. அதனால் வியட்நாமுக்குள் இருமுறை நுழைய வேண்டியதாயிற்று என்பதை அவர் கவனிக்கவில்லை. ஒருமுறை நுழைவுக்கான மின்விசா 25 டாலர், பலமுறை நுழைவுக்கானது 50 டாலர். புதிதாக விண்ணப்பித்தால் மூன்று வேலைநாள்கள் ஆகும், குறுக்கே சனியும் ஞாயிறும் வேறு. வீடு திரும்பும் விமானமோ திங்கட்கிழமை காலை. ஹோ சி மின் நகரத்துக்குப் போகும் விமானமும் வீடு திரும்பும் விமானமும் தனித்தனி டிக்கெட்டுகள் என்பதால், வெளியே வராமல் விமான நிலையத்துக்குள்ளேயே மாறி ஏறும் வழியும் அவருக்கு அடைபட்டுவிட்டது. மலிவாக வாங்கிய டிக்கெட்டைப் போல இரண்டு மடங்கு கொடுத்து, சியெம் ரீப்பிலிருந்தே நேராக வீடு திரும்பினார்.

இது இந்த ஆண்டில் நான் பார்க்கும் நான்காவது சம்பவம். நால்வரும் என்னிடம் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருந்தார்கள்: "தனியாகத்தானே போகிறேன், யாரைக் கேட்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்." பதினான்கு ஆண்டுகளாகப் பயணத் திட்டம் போட்டுக்கொடுக்கும் தொழிலில் இருக்கும் எனக்கு இதைவிட எரிச்சலூட்டும் வாக்கியம் வேறில்லை, ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். இருவராகச் செல்லும்போது ஒருவர் காய்ச்சலில் படுத்தால், மற்றவர் ரயில் நிலையத்துக்குச் சென்று டிக்கெட்டை மாற்றுவார், விடுதியில் இன்னோர் இரவு கேட்பார், மருந்து வாங்கி வருவார். தனியாகச் செல்பவர் விஷயத்தில் காய்ச்சலில் கிடப்பவரும் அவர்தான், டிக்கெட்டை மாற்ற வேண்டியவரும் அவர்தான். 102 டிகிரி காய்ச்சலோடு, தெரியாத மொழியில், கைப்பேசியில் பாதி மின்னேற்றத்துடன், நாளைய விமானத்தை ரத்து செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். கழிப்பறைக்குப் போகும் இரண்டு நிமிடம் பெட்டியைப் பார்த்துக்கொள்ளக்கூட ஆளில்லை. பேருந்து தவறிவிட்டால் வாடகைக் காரின் முழுத் தொகையும் ஒருவர் தலையில்தான் விழும். தனியாகச் செல்பவருக்கு முடிவெடுப்பது எளிது என்பதை நான் மறுக்கவில்லை. எடுத்த முடிவைச் செயல்படுத்துவது அவருக்குத்தான் மற்ற எவரையும்விடக் கடினம் என்கிறேன். மாற்றிக்கொள்ளும் வசதி வேண்டுமென்றால் அதைப் புறப்படும் முன்பே திட்டத்துக்குள் வைத்திருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நாளாவது எந்த முன்பதிவும் இல்லாமல் வெறுமையாக இருக்க வேண்டும் என்று நான் சொன்னால், "அந்த நாளில் இன்னோர் ஊர் பார்க்கலாமே" என்கிறார்கள். காய்ச்சல் வராவிட்டால் தாராளமாகப் பாருங்கள்.

நான் தயாரிக்கும் அட்டவணையில் வலது ஓரத்தில் ஒரு பத்தி இருக்கும்; அதன் தலைப்பு "எதோடு கட்டியிருக்கிறது". அந்தப் பெண்ணின் அட்டவணையில் ஒன்பதாம் நாள், லுவாங் பிரபாங்கிலிருந்து ஹனோய்க்கு விமானம் என்ற வரிக்கு எதிரே நான் எழுதியிருந்தவை: விசா தொடங்கும் தேதி, ஹனோய் விடுதி இரண்டு இரவு, ஹோய் ஆனுக்கு அருகிலுள்ள டா நாங் செல்லும் இரவு ரயில். இந்த ஒரு வரியை நகர்த்தினால் மூன்றையும் திறந்து பார்க்க வேண்டும் என்று அதற்குப் பொருள். பலர் இந்தப் பத்தியை அழகுக்கு வைத்தது என்று நினைத்து, அச்செடுக்கும்போது வெட்டிவிடுகிறார்கள்.

திட்டத்தை மாற்றவே கூடாது என்பதல்ல என் வாதம். மாற்றாமல் இருப்பதும் ஆபத்துதான். 2025 ஜூனில் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் இடையே பதற்றம் முற்றித் தரைவழி எல்லைகள் மூடப்பட்டபோது, பாங்காக்கிலிருந்து சியெம் ரீப்புக்குப் பேருந்தில் செல்ல முன்பதிவு செய்திருந்தவர்கள் பயண நாள் வரை செய்தியே பார்க்காமல் இருந்ததை நான் அறிவேன். பழைய வழிகாட்டிக் குறிப்புகளை நம்பித் திட்டமிடுபவர்களின் கதையும் இதுதான். லாவோஸ் தலைநகர் வியன்டியனிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு ஒரு பகல் முழுவதும் பேருந்தில் என்று இன்றும் எழுதிக்கொண்டு வருகிறார்கள். 2021 டிசம்பரில் ரயில் வந்தபின் அது இரண்டு மணி நேரப் பயணம். சியெம் ரீப்பில் நேர்மாறு: 2023 அக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது, கால் மணி நேரத்தில் விடுதிக்குப் போய்விடலாம் என்ற பழைய கணக்கு அங்கே செல்லாது.

பருவநிலை பற்றி ஒரு வார்த்தை. "ஆசியாவில் மழைக்காலம் எப்போது?" என்று கேட்காதீர்கள், அப்படி ஒன்று கிடையாது. தாய்லாந்துக்குள்ளேயே மே முதல் அக்டோபர் வரை புக்கெட் பக்கம் மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை எதிர்க்கரையிலுள்ள கோ சமூய் தீவில் மழை. பண்டிகைகளையும் பாருங்கள். வியட்நாமின் தெத் புத்தாண்டில் ரயிலில் இடம் கிடைப்பது அரிது. பாலியில் நியெப்பி எனும் மௌன நாளன்று விமான நிலையமே 24 மணி நேரம் மூடப்பட்டிருக்கும். அன்றைக்கு டிக்கெட் தேடி ஏன் ஒரு விமானமும் இல்லை என்று என்னிடம் கோபப்பட்டவர் உண்டு.

இனி, ஒவ்வொரு முறையும் நான் சொல்லிச் சலித்தவை. போகவும் வரவும் ஒரே டிக்கெட்டாக எடுத்துவிட்டு, போகும் விமானத்தில் சொல்லாமல் ஏறாவிட்டால், திரும்பும் பயணமும் பொதுவாக ரத்தாகிவிடும்; "பாதியில் சேர்ந்துகொள்வேன்" என்ற யோசனையே வேண்டாம். தனித்தனி டிக்கெட்டுகளுக்கு நடுவே ஓர் இரவு விடுங்கள், பாங்காக் போல இரண்டு விமான நிலையங்கள் உள்ள நகரில் எதில் இறங்குகிறீர்கள், எதில் ஏறுகிறீர்கள் என்று இருமுறை படியுங்கள். கடவுச்சீட்டு ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும் என்ற விதி தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் இருக்கிறது; பயண நாளன்று அதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை. இந்தோனேசியாவில் இறங்கும் நாளே முதல் நாளாக எண்ணப்படும், அனுமதிக்கப்பட்ட காலத்தை மீறினால் நாளொன்றுக்குப் பத்து லட்சம் ரூபியா அபராதம். நள்ளிரவுக்குப் பிறகு தெரியாத ஊரில் இறங்கும் மலிவு விமானத்தை முதல் நாளுக்கு எடுக்காதீர்கள். இரவு பதினொரு மணிக்குமேல் எந்தத் தேதியையும் மாற்றாதீர்கள். மலிவு விலை காலையில் போய்விடும் என்றால் போகட்டும்.

கடைசியாக ஒன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை அதிகாலையில் என்னை அழைத்து, மகன் ஹனோய் விடுதிக்கு வரவேயில்லை என்று அங்கிருந்து சொல்கிறார்கள் என்றார். அவர் குரல் நடுங்கியது. மகன் லாவோஸின் வாங் வியங்கில், இரண்டு நாள் கூடுதலாகத் தங்க முடிவெடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு, அந்த மனிதர் ஒவ்வொரு விடுதியாகத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். திட்டத்தை மாற்றிய அந்த நிமிடமே வீட்டில் ஒருவருக்கு நான்கு விவரங்களை அனுப்புங்கள்: எந்த ஊர், எந்த விடுதி, எந்தத் தேதி வரை, அடுத்து எதில் ஏறுகிறீர்கள். அதற்கு முன் விடுதிக்குப் பணம்கூடக் கட்டாதீர்கள்.